பதில்: விண்டோஸ் 11-க்கு மாறிய பின் பிரிண்டர் அச்சடிக்கவில்லை

வணக்கம். பிரிண்டரை நீக்கிவிட்டு இரண்டு முறை திரும்பச் சேர்த்தும் பக்கம் அச்சு வரிசையிலேயே நிற்கிறது என்கிறீர்கள். நிற்கத்தான் செய்யும். நீக்கியது பிரிண்டரின் பெயரைத்தான். பழைய டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, திரும்பச் சேர்த்தால் அதுவே வந்து ஒட்டிக்கொள்ளும்.

முதலில் யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். பிரிண்டரை இன்னொரு முறை நீக்குங்கள். அப்புறம் விண்டோஸில் 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ்' என்ற அமைப்புப் பெட்டியைத் திறந்து, டிரைவர்ஸ் பகுதியில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து ரிமூவ் கொடுங்கள். அங்கே இரண்டு தேர்வுகள் கேட்கும்: டிரைவர் மட்டுமா, டிரைவர் பேக்கேஜும் (அதை நிறுவும் கோப்புகள்) சேர்த்தா என்று. இரண்டாவதுதான் வேண்டும். 'பயன்பாட்டில் இருக்கிறது' என்று அடம்பிடித்தால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை) ரீஸ்டார்ட் செய்த கையோடு மறுபடி நீக்குங்கள்.

சரி, இனி தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய டிரைவர். அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் செருகுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் மாடல் எண்ணைப் போடுங்கள், பார்க்கலாம்.