ரேஸ்ல கால் உடைஞ்ச குதிரைக்கு ஏன் கட்டு போட்டு காப்பாத்த மாட்டேங்கறாங்க?

அதுக்கு பதிலா பண்றதுக்கு கருணைக்கொலைனு பேரு, இனி தேறாதுன்னு தெரிஞ்சா ஊசி போட்டு வலியில்லாம அனுப்பிடறது. ரேஸ் குதிரை கிட்டத்தட்ட 500 கிலோ இருக்கும், முழங்காலுக்கு கீழ சதையே கிடையாது, எலும்பு, தசைநார், தோல்தான், அதனால நொறுங்கினா சேர்றது ரொம்ப கஷ்டம். நாள்கணக்கா படுத்துக் கிடக்கவும் அதால முடியாது, மிச்ச கால்ல பாரத்தை போட்டு நிக்க நிக்க அந்த குளம்பும் உள்ளுக்குள்ள பிய்ய ஆரம்பிச்சிடும். குளம்பு நம்ம நகம் மாதிரி, பிய்ஞ்ச நகத்து மேல மொத்த உடம்பையும் நிறுத்தினா எப்படி இருக்கும்!

அமெரிக்காவுல 2006 கென்டக்கி டெர்பி ரேஸ் ஜெயிச்ச பார்பரோங்கற குதிரை, ரெண்டே வாரத்துல அடுத்த ரேஸ்ல பின்னங்கால் உடைஞ்சு, எட்டு மாசம் ஆபரேஷன் மேல ஆபரேஷன் பண்ணியும் 2007 ஜனவரில இதே குளம்பு பிரச்சனையாலதான் அதுக்கு ஊசி போட வேண்டியதாச்சு, எனக்கு இன்னும் மனசு ஆறல. காசு செலவு பண்ணா எந்த குதிரையையும் காப்பாத்திடலாம்னு நிறைய பேர் நினைக்கறாங்க, பார்பரோவுக்கு காசு ஒரு தடையாவே இல்ல.