சபையில் தலைகாட்ட வெட்கமாக இருக்கிறது

அன்புள்ள அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கடை வைக்க ஆலோங் என்கிற சட்டவிரோத வட்டிக்காரனிடம் கடன் வாங்கினார். கடை ஓடவில்லை. ஒருநாள் விடியும் முன்னே எங்கள் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றி, அவருடைய ஐசி (அடையாள அட்டை) நகலைத் தெருவிளக்குக் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நகையை விற்றுக் கடனை அடைத்துவிட்டோம். ஆனால் அந்தப் படம் சபை வாட்ஸ்அப் குழு வரைக்கும் வந்துவிட்டது.

ஆராதனை முடிந்து சாப்பிட மீ ஹூன் வாங்கப் போனால் பேச்சு சட்டென்று நிற்கிறது. பாடகர் குழுவில் "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் சிஸ்டர்" என்கிறார்கள். என் நாத்தனாரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். காணிக்கை போடும்போதுகூட எல்லாரும் என் கையையே பார்ப்பதுபோல இருக்கிறது. இவரை நான் காரிலேயே இருக்கச் சொல்லிவிடுகிறேன், உள்ளே வந்தால் மறுபடி பேச்சு கிளம்பும். இவரும் ஒன்றும் சொல்வதில்லை, ராத்திரி தூங்குவதும் இல்லை, "நான் போய்விட்டால் உங்களுக்காவது நிம்மதி" என்று ஏதேதோ பேசுகிறார், அதை விடுங்கள். முதல் வரிசையில் நின்று பாடியவள் அக்கா நான்! இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறேன்.

புத்தாண்டில் எனக்கு வந்த வாக்குத்தத்தமே "உங்கள் வெட்கத்துக்குப் பதிலாக இரண்டத்தனையாய்ப் பலன் வரும்" (ஏசாயா 61:7) என்பதுதான். உபவாசமும் இருந்து பார்த்துவிட்டேன். என் வெட்கம் எப்போது நீங்கும்?

பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

அன்புச் சகோதரிக்கு,

பாடகர் குழு, நாத்தனார், வாட்ஸ்அப் படம் எல்லாம் படித்தேன். வலிக்கத்தான் செய்யும். ஆனால் "அதை விடுங்கள்" என்று நீங்கள் தாண்டிப்போன இடத்தை என்னால் விட முடியவில்லை. தூங்காத ஒரு மனிதர், தான் போய்விட்டால் வீட்டுக்கு நிம்மதி என்கிறார். முதலில் அவரைப் பார்ப்போம்.

இன்றிரவே பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்டு நாமே கிளப்பிவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, பெரும்பாலும் பாரம்தான் குறைகிறது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம்; தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு மலேசியாவில் 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் பிஃபிரெண்டர்ஸ் என்கிற உதவித் தொலைபேசிச் சேவையின் எண் 03-7627 2929.

அப்புறம் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வட்டிக்காரன் அவர் முகத்தை ஊருக்குக் காட்டினான். நீங்கள் அதை ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறீர்கள். இரண்டிலும் அவருக்குப் புரிவது ஒன்றுதான்: இது வெட்கப்பட வேண்டிய முகம். பயத்தில்தான் அப்படிச் செய்தீர்கள், தெரியும். ஆனாலும் அவரைச் சபைக்கு வெளியே நிறுத்தியது நாத்தனார் அல்ல. தப்பு செய்துவிட்டேன் என்று நினைப்பவர் கடனை அடைத்ததும் நிமிர்ந்துவிடுவார். நானே ஒரு தப்பு என்று நினைக்க ஆரம்பித்தவருக்கு எந்த நகையை விற்று அடைப்பது?

பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். கரிநெருப்பில் குளிர்காய்ந்தபடியே ஆண்டவரைத் தெரியாது என்றவர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு காத்திருந்தார் (யோவான் 21). ஏன் அப்படிச் சொன்னாய் என்று விசாரிக்கவே இல்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார், அதுவும் மற்ற சீடர்களோடு சேர்த்து. "என்னை நேசிக்கிறாயா" என்ற கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். பதில் சொல்லச் சொல்ல, தம் ஆடுகளை மேய்க்கும் வேலையையே அவர் கையில் கொடுத்தார்.

உங்கள் வாக்குத்தத்த வசனமும் ஒரு ஆளுக்கு மட்டும் வந்ததல்ல. பாழான பட்டணங்களைத் திரும்பக் கட்டுகிற ஒரு ஜனத்தைப் பற்றித்தான் அந்த அதிகாரம் பேசுகிறது. அவரைக் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போய் அந்தப் பலனை வாங்கிவர முடியாது.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே இரண்டு பேருமாகப் பாஸ்டரைப் போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த வார்த்தையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சபைக்குள் அவரைத் தனியே நடக்க விடாதீர்கள், கூடவே போங்கள். அவருக்குத் தயக்கமாக இருந்தால் ஓரிரு வாரம் தள்ளட்டும், ஆனால் அது அவர் எடுக்கிற முடிவாக இருக்கட்டும். நாத்தனாருக்கும் பாடகர் குழுவுக்கும் என்ன பதில் சொல்வது என்பதைப் பிறகு பேசலாம். அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு உடனே எழுதுங்கள்.