கர்ப்பப்பையில கட்டின்னா எடுத்தே ஆகணுமா?

கேள்வி: டாக்டரம்மா, நான் மண்டபம் பக்கம், வயசு 41, கடல்ல பாசி எடுக்கப் போறவ. ஒரு வருசமா மாசவிலக்கு 10 நாள் ஆனாலும் நிக்கல, கட்டி கட்டியா படுது, நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்குது. ஸ்கேன்ல 4 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டுன்னு வந்துச்சு. உப்புத்தண்ணியில நிக்கிறதால வந்ததா? கேன்சரா?

பதில்: கடல் தண்ணியால இது வராதும்மா, அந்தப் பழிய உங்க தொழில் மேல போடாதீங்க. கர்ப்பப்பை தசையில வளர்ற சதைக்கட்டி இது, ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஹார்மோன்ல வளரும், கேன்சரா இருக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம், மாதவிடாய் நின்னப்புறம் பெரும்பாலும் தானாவே சுருங்கிடும்.

எனக்குக் கவலை அந்த மூச்சு வாங்குறதுதான். ரத்தம் குறைஞ்சிருக்கும்னு தோணுது, நாளைக்கே ஹீமோகுளோபின் பாருங்க, கண்ணோட கீழ் இமைய இழுத்துப் பாத்தா வெளுத்திருக்கான்னு உங்களுக்கே தெரியும். அது சரியாகுற வரைக்கும் ஆழத்துல முங்க வேணாம்.

கட்டி எவ்ளோ பெருசுங்கிறதவிட எங்க இருக்குங்கிறதுதான் முக்கியம், கர்ப்பப்பையோட உள்சுவர் பக்கமா இருந்தா சின்னதுகூட நிறைய ரத்தப்போக்கு குடுக்கும், அதனால ரிப்போர்ட்ட காட்டி இடத்தக் கேளுங்க. ரத்தப்போக்கக் குறைக்க டிரானெக்சாமிக் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, காப்பர்-டி மாதிரி கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற ஹார்மோன் சாதனம், கட்டிய மட்டும் எடுக்கிற ஆபரேஷன்னு இத்தனை வழி இருக்கு, கர்ப்பப்பைய எடுக்கிறது கடைசியா யோசிக்க வேண்டியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுசா நனைஞ்சா, தலை சுத்தி விழுந்தா, காத்திருக்காம ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.