மேஸ்திரி போனது முன்பணம் பத்தாமலா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் 22 விசைத்தறி ஓட்டுகிறேன். 26 பேர் வேலை செய்கிறார்கள். 11 வருடம் இருந்த மேஸ்திரி மாதம் 2,000 ரூபாய் கூடக் கேட்டார், தரவில்லை. தை மாதம் நின்றுவிட்டார். சம்பளம் 18,000; அவர் திருப்பித் தர வேண்டிய முன்பணப் பாக்கி 60,000. அவர் போனபின் நாலு தறி பத்து நாள் நின்றது. தறிக்கு ஒரு நாளைக்கு 900 ரூபாய் நட்டம். நாலு வருடம் பத்து மாதம் இருந்த ஒரு தறி ஓட்டுநரும் போய்விட்டார். ஊழியர் மனநிலை சர்வே, மாத விருது, மொபைல் ஆப் எல்லாம் சேர்த்து 1,80,000 ரூபாய் என்கிறார் ஒரு ஹெச்.ஆர். ஆலோசகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். என் பிழைப்பும் இதே ஆலோசனைத் தொழில்தான், அதனால் துணிந்து சொல்கிறேன்.

26 பேருக்குச் சர்வே எதற்கு? பெயர் எழுத வேண்டியதில்லை என்பார்கள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்ற உங்களிடம் இரண்டு பெண்கள் இருந்தால் அதிகம். 'பிரிவு: தார்' என்று டிக் அடித்த தாளில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எல்லோரும் 'திருப்தி' என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை வண்ண வண்ணப் படமாக்கி உங்களிடமே விற்பார்கள்.

உங்கள் கணக்கையே பாருங்கள். நாலு தறி, பத்து நாள், 900 ரூபாய்: மொத்தம் 36,000. அவர் கேட்டது வருடத்துக்கு 24,000. இந்தப் பெருக்கலை அவர் இருக்கும்போதே போட்டிருக்கலாம். மிச்சமுள்ளவர்களுக்காவது இப்போது போடுங்கள். நாளைக்கு இவர் வராவிட்டால் எந்தத் தறி நிற்கும், பாவு நூல் பிணைக்க வேறு யாருக்குத் தெரியும், டிசைன் போடும் ஜக்கார்டில் அட்டை சிக்கினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முதலில் கவனிக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்தது முன்பணம். 'அறுபதாயிரம் கொடுத்தும் போய்விட்டார்' என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தால் ஆள் கட்டுப்பட்டு இருப்பார் என்பது தறிக்காரர்களின் பழைய நம்பிக்கை. கடனைக் காட்டி ஆளைப் போகவிடாமல் நிறுத்தினால் 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரும். மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் கிடக்கட்டும், தொழிலுக்கே அது உதவாது. ஆள் பிடிக்கும் புரோக்கர் வந்து, 'உன் பாக்கியை நான் அடைக்கிறேன், மேலே இருபதாயிரம் வாங்கிக்கோ, அந்தப் பட்டறைக்கு வந்துடு' என்பான். கமிஷன் அவனுக்கு. கடன் ஆளோடு அடுத்த பட்டறைக்குப் போகும். எட்டு மாதம் கழித்து அதே புரோக்கர் உங்களிடம் வந்து, 'நல்ல ஆள் ஒருத்தர் இருக்காருங்க' என்பான். இந்த ஆட்களோடு டீ கூடக் குடிக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: மேஸ்திரிக்குக் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கொடுத்தீர்களா? பத்துப் பேருக்கு மேல் உள்ள பட்டறை, 11 வருட வேலை. தானாக நின்றாலும் உண்டு. 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 11-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 1,14,231 ரூபாய். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டிய தொகை. தை முடிந்து எத்தனை நாளாயிற்று என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள், தாமதத்துக்கு வட்டி உண்டு. முன்பணப் பாக்கியைக் காட்டி இதை நிறுத்தி வைக்கவும் முடியாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

அடுத்து, நாலு வருடம் பத்து மாதம் இருந்த அந்த ஓட்டுநர் விஷயம். 'கிராஜுவிட்டிக்கு அஞ்சு வருஷம் ஆகலை, ஒண்ணும் கிடையாது' என்று ஆடிட்டர் சொல்லியிருப்பார். இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு வருடம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1998-ல், நம் பக்கத்து மேட்டூர் பியர்ட்செல் வழக்கில். பத்து மாதம், மாதத்துக்கு 26 நாள் என்றால் 260 வரும். பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் பத்து நாள் வராமல் இருந்தாலும் 250. சம்பளத்தோடு கொடுத்த விடுப்பும் சேரும். வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு நாளாக எண்ணுங்கள். மாதக் கணக்கு உதவாது, நாள் கணக்குதான் பேசும். 240 எட்டினாலே ஐந்து வருடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஆலோசகர் அடுத்து என்ன சொல்வார் என்பதும் தெரியும்: மனைவி பெயரில் இன்னொரு கம்பெனி போட்டு 13, 13 ஆகப் பிரித்தால் பி.எஃப். வேண்டாம் என்பார். 20 பேர் இருந்தால் பி.எஃப். கட்டாயம்; அந்தக் கணக்கில் கிளைகளையும் பிரிவுகளையும் ஒரே நிறுவனமாகத்தான் பார்ப்பார்கள். மாட்டினால் பழைய பாக்கி முழுவதும் உங்கள் தலையில். ஆலோசகர் போனை எடுக்க மாட்டார்.

அம்மாபேட்டையில் ஒரு பட்டறையில் நாலு மணி டீக்கு உட்கார்ந்திருந்தபோது, நிற்கப் போவதாகச் சொல்லியிருந்த ஓர் ஓட்டுநரிடம் ஏன் என்று கேட்டேன். "கூலி பரவால்லீங்க. பி.எஃப்.ல எங்கப்பா பேரு ஒரு எழுத்து மாறிக் கெடக்குது. பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்க முடியல. மூணு வருசமா மொதலாளிகிட்ட சொல்றேன், பாக்கலாம் பாக்கலாங்கறாரு." முதலாளிக்கு அது அரை மணி நேர வேலை, ஒரு டிஜிட்டல் கையெழுத்து. ஆனால் அந்த பி.எஃப். போர்ட்டலும் லேசுப்பட்டதல்ல. இனிஷியல் முன்னால் வந்தால் ஒரு நிராகரிப்பு, பின்னால் வந்தால் இன்னொன்று. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை இத்தனை வருடமாகியும் ஒரு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை! அதற்காகவே முதலாளி கூட நிற்க வேண்டியிருந்தது. அந்த முதலாளி உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். ஓட்டுநர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

உங்கள் 26 பேரின் ஆதாரில் உள்ள பெயரையும் யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் உள்ள பெயரையும் இந்த வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய மேஸ்திரிக்கு நீங்களே போன் போடுங்கள், கணக்கு முடிக்க. பணத்தை வங்கியில் போடுங்கள். புரோக்கரைச் சாட்சிக்கு வைத்துக் கையில் கொடுக்க வேண்டாம். திரும்பி வருகிறீர்களா என்ற கேள்வி, பணம் போய்ச் சேர்ந்த பிறகு.