காலிலே சுடலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் கச்சானும் மிளகாயும் செய்கிறேன். பன்றிக் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு இருக்கிறது. போன மாதம் இரவோடு இரவாகக் கிணற்றடியில் இருந்த தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பவும் வந்தால் சுடலாமா? ஆள் சாகாமல் காலிலே சுட்டால் தற்பாதுகாப்பு என்று சொல்லலாம்தானே?
(வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்)

பதில்: சுடக்கூடாது. மோட்டருக்காகக் காலிலும் சுடக்கூடாது.

உங்கள் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. கடன்பட்டு வாங்கிய மோட்டர் போனால் அந்தப் போகமே போன மாதிரித்தான். ஆனால் நீங்கள் கேட்பது உயிரைக் காப்பதைப் பற்றி இல்லை. களவு போன பொருளுக்குப் பழிவாங்குவதைப் பற்றிக் கேட்டுவிட்டு, அதற்குத் தற்பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறீர்கள்.

சட்டத்தை முதலில் பார்ப்போம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. பொலிசாரின் உதவியை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது என்கிறது 92ஆம் பிரிவு. பொருளைக் காக்க உயிரெடுக்கும் அளவுக்குப் போகலாம் என்று 96ஆம் பிரிவு விடுவது சில நிலைமைகளில் மட்டும்தான்: கொள்ளை, இரவில் வீடுடைத்து நுழைதல், ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், அல்லது தடுக்காவிட்டால் உயிர் போகும், படுகாயம் வரும் என்று நியாயமாகவே பயப்பட வேண்டிய களவு, நாசவேலை, வீட்டுக்குள் அத்துமீறல். வெளிக்கிணற்றடியில் மோட்டரைக் கழற்றுகிறவன் இதற்குள் வரமாட்டான். அதைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவன் எப்படியும் வரமாட்டான்.

இந்தக் 'காலிலே சுடுகிற' கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இருட்டில், ஓடுகிற ஆளின் காலை வேட்டைத் துவக்கால் எப்படிக் குறிபார்ப்பீர்கள்? சன்னங்கள் போகப் போக விரியும். தொடையில் ஓடும் பெரிய நாடி அறுந்தால் சில நிமிடத்திலேயே உயிர் போய்விடலாம். நீங்கள் உழவு இயந்திரம் தேடி, ஆளை ஏற்றி, முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வரை அது காத்திருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. காலைத் தேடிக் குறிவைக்கும் அளவுக்கு நிதானம் இருந்ததென்றால், உங்கள் உயிருக்கு அப்போது என்ன ஆபத்து இருந்தது என்று நீதிமன்றத்தில் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

சரி, எப்போதுதான் சுடலாம்? இரவில் கதவை உடைத்துக்கொண்டு கத்தியோடு ஒருவன் உள்ளே வருகிறான், உங்களுக்குப் பின்னால் பிள்ளைகள், விலகிப் போக வழியில்லை. அந்த நேரத்தில் சட்டமும் உங்களோடு நிற்கும், நானும் நிற்பேன். அப்போதும் வெளிச்சம் அடித்து ஆள் யாரென்று பார்க்க வேண்டும், முடிந்தால் சத்தம் வைக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் பக்கத்து வளவுக்காரரின் தகரக் கொட்டில் இருக்கிறதா என்பதும் உங்கள் பொறுப்புத்தான். அவன் விழுந்தாலோ திரும்பினாலோ உங்கள் உரிமை அந்த இடத்திலேயே முடிந்தது. அப்புறம் பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990 என்று இரண்டுக்கும் அழையுங்கள். துவக்கை வைத்துவிட்டு, அவன் காயத்தில் துணியை வைத்து அழுத்துங்கள். உங்கள் முற்றத்தில் இரத்தம் சிந்திக் கிடக்கிறவனைக் காப்பாற்றுகிற கடமையும் அந்தத் துவக்கோடுதான் உங்கள் கைக்கு வந்தது.

என்னைக் கவலைப்படுத்துவது உங்கள் மனம்தான். 'திரும்பவும் வந்தால்' என்று எழுதியிருக்கிறீர்கள். காவல் இருக்கிறவன் கள்ளன் வரக்கூடாது என்றுதான் நேர்ந்துகொள்வான். நீங்கள் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு அவன் வரவேண்டும் என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. அப்படியிருந்தால், நாளைக்கே துவக்கைப் பூட்டி வைத்துவிட்டுத் திறப்பை வீட்டில் வேறொருவரிடம் கொடுங்கள்.

என் பெரியப்பா ஒருமுறை மிளகாய்ப் பாத்திக்குள் பன்றி என்று துவக்கை நீட்டினார். எதற்கும் பார்ப்போம் என்று டோர்ச் அடித்தார். பட்டிக்கு வராத மாட்டைத் தேடி வந்த பக்கத்து வீட்டுப் பொடியன் நின்றான். விடியும் வரை பெரியப்பாவின் கை நடுக்கம் நிற்கவில்லை. 2009 வரை இந்த மண்ணில் எத்தனை பிள்ளைகளைப் புதைத்தோம். இன்னொன்றை ஒரு மோட்டருக்காகப் புதைக்க வேண்டுமா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கள்ளனுக்கென்று, கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்குக் கட்டும் யோசனை வந்தால் அதை இன்றோடு விடுங்கள். பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போகிற பெண்களையும், தேனெடுக்கப் போகிறவர்களையும் அந்தக் கம்பி தெரிந்துகொள்ளாது. அது சட்டவிரோதமும்கூட.

அடுத்த மோட்டரை இரவில் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். முடியாவிட்டால் கிணற்றடியில் சீமெந்துக் கட்டில் இரும்புக் கூடு அடித்துப் பூட்டுங்கள். பக்கத்துக் காணிக்காரரோடு முறைவைத்துக் காவல் இருங்கள். போன மோட்டரின் இலக்கம் பற்றுச்சீட்டிலோ உத்தரவாத அட்டையிலோ இருக்கும். அதைத் தேடி எடுத்துக்கொண்டு, முறைப்பாடு இன்னும் கொடுக்கவில்லை என்றால், இந்தக் கிழமைக்குள் பொலிசுக்குப் போங்கள்.