படம் வரைய வராதவளுக்கு காமிக்ஸில் என்ன வேலை?

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டைப் பேசி முடித்துவிடலாம் என்கிறார் அவளுடைய மாமா. அவளோ காமிக்ஸை விரித்துவைத்து, "இந்த வசன பலூன் இங்கே வரக்கூடாதுப்பா, முதல்ல இவன்தானே பேசணும்" என்று பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டிருக்கிறாள். "படம் வரையவும் அவளுக்கு வராது. இந்தக் கிறுக்கு எப்போது தெளியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கவலை நியாயமானதுதான் சார். ஆனால் அவளிடம் இருப்பது கிறுக்கு அல்ல. அந்த அம்புக்குறி போடுவதுதான் காமிக்ஸ் எடிட்டரின் வேலையே. வரைவதற்கு ஓவியர் தனியாக இருக்கிறார். எந்தக் கதை, எத்தனை பக்கம், எந்தக் கட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், எதை வெட்ட வேண்டும் என்று முடிவெடுப்பவர் எடிட்டர்.

அனந்த் பை என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 'அமர் சித்திரக் கதை' காமிக்ஸ் வரிசையை ராம் வயீர்கர், பிரதாப் முல்லிக் போன்றவர்கள் வரைந்தார்கள். பை அதன் எடிட்டர். படித்தது கெமிக்கல் டெக்னாலஜி. மாமா உடனே, "பார்த்தீர்களா, அவரே டெக்னிக்கல் படிப்புதான்" என்பார். அந்தப் படிப்பு காமிக்ஸ் கற்றுத்தரவில்லை என்பதுதான் விஷயம். 1954இல் 'மானவ்' என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார், நிலைக்கவில்லை. பிறகு டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1964இல் அங்கிருந்து 'இந்திரஜால் காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியபோது அதில் பங்கெடுத்து, அச்சும் விற்பனையும் நடக்கும் விதத்தை உள்ளிருந்தே பார்த்தார். அமர் சித்திரக் கதை தொடங்கியது 1967இல், 'டிங்கிள்' என்ற சிறுவர் இதழ் வந்தது 1980இல். முதல் தோல்விக்கும் கைகொடுத்த முயற்சிக்கும் நடுவே 13 ஆண்டுகள். உங்கள் மகளுக்கும் தேவைப்படுவது பட்டத்தின் பெயரைவிட, பதிப்பகம் ஒன்றுக்குள் கழியும் அந்த ஆண்டுகள்தான்.

வேலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அவளையும் கூட வைத்துக்கொண்டு படியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்கள். ஒரு கட்டத்தில் ஒரு செயல்தான். "அவன் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே ஓடினான்" என்று ஸ்கிரிப்டில் இருந்தால் அது மூன்று கட்டம். எழுத்தாளரிடம் திருப்பி அனுப்ப வேண்டும். கண் இடமிருந்து வலமாகப் போவதால் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். மாறி நின்றால், பேசுபவரைச் சுட்டும் பலூன் வால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும். இதைக் குச்சி மனிதர்களாகப் போடும் சின்ன முன்வரைவிலேயே பிடித்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மை போட்ட பிறகு கண்ணில் பட்டால் பக்கமே போச்சு; ஓவியருக்கு மறுபடி கூலி, அச்சகத்துக்குத் தாமதம். திடுக்கிடும் காட்சியை வலப்பக்கத்தில் வைத்தால், எதிர்ப்பக்கம் படிக்கும்போதே கண் ஓரமாக அங்கே போய்விடும். பக்கத்தைத் திருப்பியதும் வரும் இடப்பக்கத்தில்தான் அதை வைக்க வேண்டும்.

தமிழில் இன்னொரு தலைவலி. ஆங்கில வசனத்துக்கு அளவெடுத்த பலூனில் நம் நீளமான சொற்கள் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவது சோம்பேறி வழி. வாசகருக்குக் கண் வலிக்கும். வாக்கியத்தைத்தான் சுருக்க வேண்டும். "நான் உன்னை இங்கே எதிர்பார்க்கவே இல்லை" என்பது "நீயா!" ஆகிவிடலாம். இந்தக் காது இருப்பவர்கள் குறைவு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழுக்கான கம்போசர் அமைப்பை மாற்ற மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வசனம் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சாக வேண்டும். வண்ண அச்சின் நான்கு மைகளும் கலந்த கறுப்பானால், அச்சுத் தகடு இம்மி விலகினாலும் எழுத்து மங்கும். ஓரத்தில் வெட்டுக்கு 3 மி.மீ. கூடுதல் படம் வேண்டும். நடுவில் ஸ்டேபிள் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கக் கதை 32க்கு நீள வேண்டும், இல்லையென்றால் 28க்குச் சுருங்க வேண்டும்.

இனி பணம். இங்கே நான் இறங்கி வரப்போவதில்லை. அந்த சீட்டுக்குக் கல்விக் கடன் வாங்கலாம், அதற்குப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். விருப்பமில்லாத பெண் இரண்டாம் ஆண்டில் அரியர் வைத்தால் அந்தக் கணக்கு இன்னும் நீளும். கையெழுத்து உங்களுடையது, மாமாவுடையது அல்ல.

"அப்படியானால் அனிமேஷன் டிப்ளமோவில் சேர்க்கிறேன்" என்று அந்தப் பக்கம் ஓடிவிடாதீர்கள். லட்சங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு மென்பொருள் பழக்குவார்கள். கதையை வெட்டக் கற்றுத்தரும் இடம் அதில் அபூர்வம். அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் தமிழ், வரலாறு, ஆங்கிலம், எது அவளுக்குப் பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல கணினி போதும். விடுமுறைகளில் சிறுவர் பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்தப் போகட்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தமிழில் முழுநேர காமிக்ஸ் எடிட்டர் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தொடக்கச் சம்பளத்தை ஐ.டி.யோடு ஒப்பிட்டால் தோற்கும். ஆனால் இதே கைத்திறன் சிறுவர் நூல், பாடநூல், வெப் காமிக்ஸ், விளம்பர ஸ்டோரிபோர்டு என்று நாலு இடத்தில் செல்லும். எதில் ஒப்பந்தம் போட்டாலும் பக்கத்துக்கு எவ்வளவு, திருத்தம் எத்தனை முறை, உரிமை யாருக்கு என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா? அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். பாட்டி சொன்ன ஒரு கதையை ஆறு பக்கம், முப்பது கட்டங்களாகப் பிரிக்கட்டும். குச்சி மனிதர்கள் போதும். பலூனுக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். முடிந்ததும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் எதுவும் விளக்காமல் கொடுத்துவிட்டு, பிள்ளையின் விரல் எந்தக் கட்டத்தில் தயங்கி நிற்கிறது என்று அவள் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கட்டத்தை யாரும் சொல்லாமலே மறுபடி போட உட்காருகிறாளா என்று மட்டும் நீங்கள் பாருங்கள். அதற்குள் மாமா அழைத்தால், சீட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.