டி செல்கள் எல்லை மீறாமல் உடல் எப்படிப் பார்த்துக்கொள்கிறது?

டி செல்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்கள். அவற்றை அடக்கும் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற மேற்பரப்புப் புரதங்கள் இரண்டையும் 'பிரேக்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் வேலை செய்யும் இடமும் நேரமும் வேறு.

டென்ட்ரிடிக் செல் (கிருமியின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் காவல் செல்) காட்டும் புரதத் துண்டை டி செல்லின் ஏற்பி அடையாளம் கண்டால் மட்டும் போதாது. டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதம், எதிரிலுள்ள டென்ட்ரிடிக் செல்லின் சிடி80 அல்லது சிடி86 புரதத்தையும் பற்ற வேண்டும். கிருமியோ திசுச் சேதமோ இருந்தால்தான் டென்ட்ரிடிக் செல் இவற்றை ஏராளமாக வெளிக்காட்டும். இந்த இரண்டாம் சமிக்ஞை கிடைக்காத டி செல் மரத்துப்போகும். பிறகு முறையான தூண்டல் வந்தாலும் லேசில் எழாது.

தூண்டப்பட்ட டி செல்லே அடுத்த ஓரிரு நாளில் சிடிஎல்ஏ-4-ஐ மேற்பரப்புக்குக் கொண்டுவரும். சிடி80, சிடி86 இரண்டையும் இது சிடி28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி செல்'களிடமோ இது எப்போதும் இருக்கிறது. அவை டென்ட்ரிடிக் செல்லின் மேலிருந்தே சிடி80, சிடி86-ஐப் பிய்த்து உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றன. மற்ற டி செல்களுக்குப் பற்ற எதுவும் மிஞ்சாது. சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாத எலிகள் சுமார் 3-4 வாரங்களில் இறந்துபோவது இதன் முக்கியத்துவத்துக்குச் சான்று.

பிடி-1 பெரும்பாலும் பிற்பாடு, திசுக்களுக்குள் வேலை செய்வது. எதிரிலுள்ள செல்லின் பிடி-எல்1 என்ற புரதம் வந்து ஒட்டியதும் பிடி-1, ஷிப்2 என்ற நொதியை அழைத்து, சிடி28-இன் பாஸ்பேட்டுகளைக் கழற்றிச் சமிக்ஞையை அணைக்கும். பல புற்றுக்கட்டிகள் பிடி-எல்1-ஐ அணிந்து தப்புவது இப்படித்தான்.

சிடி28-ஐ நேரடியாக முடுக்கினால் என்ன ஆகும்? 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற எதிர்ப்பொருளைப் பெற்ற 6 தன்னார்வலர்களுக்கும் சுமார் 90 நிமிடங்களில் சைட்டோகைன் புயல் (அழற்சி சமிக்ஞைப் புரதங்கள் கட்டுமீறிப் பெருகுவது) தொடங்கியது. கிலோவுக்கு வெறும் 0.1 மில்லிகிராம்தான் கொடுத்தார்கள். சோதனைக் குரங்குகளின் நினைவு டி செல்களில் ஒரு வகை சிடி28-ஐ இழந்திருந்ததால், அங்கே ஆபத்து தெரியவே இல்லை.

2011-இல் அனுமதி பெற்ற இபிலிமுமாப் என்ற புற்றுநோய் மருந்து சிடிஎல்ஏ-4-ஐத் தடுத்து, டி செல்களின் பிரேக்கைத் தளர்த்துகிறது. அதனால் பெருங்குடல் அழற்சி இதில் பிடி-1-ஐத் தடுக்கும் மருந்துகளைவிட அதிகம். இந்தச் சிகிச்சையிலுள்ளவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் 'சாப்பாடு ஒத்துக்கல' என்று விட்டுவிடாமல் உடனே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடுமையானால் உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1-2 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். தணிந்தபின் குறைந்தது 4 வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்கள், அவசரப்பட்டால் திரும்பிவிடும். ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சி தணிக்கும் எதிர்ப்பொருள். கல்லீரல் அழற்சியும் இருந்தால் அதைத் தவிர்ப்பது வழக்கம்.